கத்தி யாருடைய கையில்?

எங்கட கூட்டாளிகளில் மூன்று பேர் இந்த வருசம் சவரக்கத்தி வாங்கியிருக்கிறார்கள். மடக்குக்கத்தி, தோல்வார், மரப்பிடி போட்ட தூரிகை, நுரை அடிக்கிற கிண்ணம் எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி, ஒன்லைனில் எடுத்தது. அந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மங்கலான வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக்காரர் கத்தியை வாரில் இழுத்து இழுத்துத் தீட்டுவார். பின்னால் பியானோ போகும். இது கலை, இது தியானம், இதுதான் ஆம்பிளைத்தனம் என்றெல்லாம் கீழே எழுதியிருக்கும். 2012இல் வந்த 'ஸ்கைஃபோல்' படத்தில் ஜேம்ஸ் பொண்டுக்கு மடக்குக்கத்தியால் சேவ் எடுத்துவிடுகிற காட்சிக்குப் பிறகு இந்த மோகம் இன்னும் கூடியது.

ஆசை வந்ததில் பிழை இல்லை. நாங்களும் அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்த்தோம், நல்ல பாரமாக, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் பழகலாம், சவரக்கத்தியிலா பிளேட் றேசரிலா என்று சம்பூர்ப் பொடியன்கள் நாலு பேர் இருந்து கதைக்கத் தொடங்கினால் அது சாமான் பற்றிய கதையோடு நிற்காது. எங்கட கதையும் நிற்கவில்லை.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

சவரக்கத்திக்குத் தடுப்பு ஒன்றும் கிடையாது. உங்கட தோலுக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் இருப்பது உங்கட கை மட்டும்தான். கத்தியை முகத்தோடு கிட்டத்தட்ட முப்பது பாகை சரிவில் பிடிக்க வேண்டும். நிமிர்த்தினால் வெட்டும், படுக்கவைத்தால் மயிரை இழுத்துப் பிடுங்கும். மற்றக் கையால் தோலை இழுத்து விறைப்பாக வைத்திருக்க வேண்டும். வலக்கைக்காரர் இடப்பக்கக் கன்னத்துக்கு வரும்போது ஒன்றில் கையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூக்குக்கு மேலால் கையைக் கொண்டுபோய் ஒரு கோணங்கி வேலை பார்க்க வேண்டும். நாடி வளைவும் தொண்டைக்குழியும் கடைசிப் பாடங்கள். ஒவ்வொரு முறையும் வாரில் தீட்ட வேண்டும், சில மாதத்துக்கு ஒருக்கால் கல்லில் தீட்ட வேண்டும். தீட்டத் தெரியாதவனுக்குச் சவரக்கத்தியால் பிரயோசனமில்லை. இந்த வீடியோக்கள் சேவ் எடுப்பதை நன்றாகக் காட்டும், கல்லில் தீட்டுவதை அவசரமாகக் கடந்துபோகும். உண்மையான வித்தை அங்கேதான் இருக்கிறது.

பிளேட் றேசரின் கதை இதற்கு நேர் எதிர். கிங் காம்ப் ஜிலெற் என்கிற அமெரிக்கர் போத்தல் மூடிக் கொம்பனி ஒன்றின் விற்பனையாளர். தீட்டவே தேவையில்லாத, மழுங்கினால் எறிகிற மெல்லிய பிளேட் ஒன்றை அவர் யோசித்தார். அவ்வளவு மெல்லிய உருக்கைக் கூராக்குவது எப்படி என்ற சிக்கலைத் தீர்த்தது வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர், ஆனால் பெயர் ஜிலெற்றுக்குத்தான் போனது. 1903இல் விற்றது 51 றேசரும் 168 பிளேட்டும் மட்டும். 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப்போரில் அமெரிக்க அரசு 35 லட்சம் றேசரைத் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. அவர்கள் அதைப் பழகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தன் முகத்தைத் தானே தினமும் வழிக்கிற ஆம்பிளை உலகம் முழுக்கப் பெருகியது இப்படித்தான்.

பழகத் தொடங்குகிற தம்பிமாருக்கு எங்கட தீர்ப்பு: ரெண்டு பக்கமும் கூரான பிளேட் போடுகிற அந்தப் பழைய றேசர்தான். சரிவு, அழுத்தம், மயிர் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்ற கவனம் மூன்றையும் அது கற்றுத் தரும். கை பிசகினாலும் ஒரு சின்னக் கீறலோடு விட்டுவிடும், படிகாரத்தை ஒருக்கால் தடவினால் சரி. அஞ்சு பிளேட்டை ஒன்றாக அடுக்கின காட்றிஜ் 2006இல் வந்தது. அது கற்றுத் தருவது ஒன்றுமில்லை. முன் பிளேட் மயிரை இழுத்துக் கொடுக்க அடுத்தது தோலுக்குக் கீழே வெட்டும், எங்களைப் போலச் சுருள் மயிர்க்காரருக்குப் பிறகு கழுத்தெல்லாம் பரு. விலையையும் சொல்ல வேண்டும். 2022க்குப் பிறகு கடைக்குப் போய் காட்றிஜ் பக்கெற்றின் விலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல.

ஏன் அவசரமாகப் பழக வேண்டி வந்தது என்பது வேறு கதை. முதலாம் வருசத்தில் தாடியோ மீசையோ ஒரு நாள் வளர்த்திகூட இருக்கக்கூடாது என்பது சீனியர்மாரின் சட்டம். எந்த வளாகம் என்று இங்கே சொல்லவில்லை. பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே 20ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. அது புத்தகத்தில் இருந்தது, விடுதிக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் வரிசையில் நின்றோம். பக்கத்தில் நின்றவனின் றேசரைக் கடன் வாங்கினவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். மஞ்சட்காமாலைக் கிருமி ஒரு துளி இரத்தத்திலும் போகும்.

இனி மற்றக் கதை.

2006இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்களுக்கு மூன்று, நாலு வயசு. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் பக்கத்து முகாம்கள். 2015, 16இல் காணி திரும்பக் கிடைக்கும் வரைக்கும் எங்கட பள்ளிக்கூட வயசு அங்கேதான் போனது. உயர் பாதுகாப்பு வலயம், அனல்மின் நிலையம் என்று எங்கட ஊருக்கு ஒவ்வொரு பெயராக வைத்துக்கொண்டிருந்த காலம் அது. முகாமில் தறப்பாளைத் தாங்குகிற தடியில் ஒரு கைக்கண்ணாடி தொங்கும். அப்பாமார் காலையில் அதுக்கு முன்னால் குந்தி ஒரே பிளேட்டை நாள்க்கணக்காக வைத்து வழித்துக்கொள்வார்கள். அது முடியாதவர்களுக்கு ஒரு மரத்தின் கீழ் ஒரு கதிரை, ஒரு தகரப்பெட்டி, ஒரு மனிதர். செத்தவீடு நடந்தால் கொள்ளி வைக்கிற பிள்ளைக்குச் சவரம் செய்யவும் அவரைத்தான் தேடுவார்கள். எல்லாரும் அவரிடம் முகத்தைக் கொடுப்பார்கள், தொண்டைக்குழியில் கத்தி வைக்க விடுவார்கள். தேத்தண்ணி மட்டும் அவருக்கு வேறு கோப்பையில்.

கிழக்கில் சாதி அவ்வளவு இல்லை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குப் பிடிக்கும். அந்தக் கோப்பையைப் பார்த்து வளர்ந்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சொற்களைப் பாருங்கள். எங்கட பக்கத்தில் முடிவெட்டுகிறவருக்குப் பழைய பெயர் பரியாரி. வைத்தியருக்கும் அதே பெயர்தான். லண்டனிலும் 1540 தொடக்கம் 1745 வரை முடிவெட்டுகிறவர்களும் சத்திரசிகிச்சை செய்கிறவர்களும் ஒரே சங்கமாகத்தான் இருந்தார்கள். பிறகு அங்கே ஒருவர் டொக்டர் ஆனார், மற்றவர் கடையோடு நின்றார். எங்கட பக்கத்தில் நின்றவர் சாதியாகவும் ஆக்கப்பட்டார். இன்னொரு பெயர் குடிமகன். இன்றைக்கு அரசறிவியல் பாடத்தில் வாக்குரிமை உள்ளவரைக் குறிக்கிற சொல், ஊரில் குடிமை வேலை செய்கிறவரைக் குறித்தது. பக்கத்து மூதூரில் முஸ்லிம் சனங்கள் ஒஸ்தா என்பார்கள். உஸ்தாத் என்ற சொல்லின் மருவல் அது, ஆசான் என்று பொருள். பெயரில் வைத்தியர், ஆசான், குடிமகன். நடப்பில் கொல்லைப் பக்கத்தால் வந்து நெல் வாங்கிப் போகிறவர்.

கத்தி மறுக்கவும் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்தாராவில் காசிருந்தும் கடையிருந்தும் தீண்டத்தகாத பிள்ளைகளுக்கு முடிவெட்ட ஒருவரும் வராததால் தங்கள் அக்காவே வெட்டிவிட்டதாக அம்பேத்கர் எழுதியிருக்கிறார். தென்னாபிரிக்காவில் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிவெட்டுநர் காந்திக்கு மறுத்தார். சேவ் எடுக்க அவருக்கு ஏற்கனவே தெரியும். மெசின் வாங்கித் தலையையும் தானே வெட்டினார், முன்பக்கம் ஒருவாறு சரி, பின்பக்கம் கெட்டுப்போய் நீதிமன்ற நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் அந்த முடிவெட்டுநரைக் குறை சொல்லவில்லை. எங்கட ஆட்களும் தீண்டத்தகாதவர்களுக்கு வெட்ட விடுவதில்லையே என்றுதான் யோசித்தார். யாழ்ப்பாணத்திலும் இதே கதை. டானியல் 'பஞ்சமர்' என்று நாவலுக்குப் பெயர் வைத்த அந்த ஐந்து சாதிகளில் முடிவெட்டுகிறவர்களும் ஒன்று. மற்றவர்களுக்குச் சவரம் செய்யக்கூடாது என்று அவர்களையே வைத்து ஒதுக்கியதும் அதே ஒழுங்குதான். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. வந்த பிறகும் கோயில் கதவுக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் 1960களில் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது.

அதனால் அந்த மலிவு பிளேட் றேசரை நாங்கள் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறோம். அது கையில் இருந்தால் யாரும் யாருக்கும் மறுக்க முடியாது. மறுபக்கம், வீடு வீடாய்ப் போக வேண்டிய கட்டாயத்திலிருந்து முடிவெட்டுகிறவரையும் அது ஓரளவு விடுவித்தது. சலூன் என்று ஒரு கடை, கண்ணாடி, சுழல்கிற கதிரை, சுவரில் விலைப்பட்டியல். ஆள் அவரிடம் வர வேண்டும், காசைக் கையில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் திராவிட இயக்கப் பத்திரிகைகளை உரக்க வாசித்து அரசியல் பழகின இடங்களில் சலூன் முக்கியமானது. எயிட்ஸ் பயம் வந்த பிறகு சலூன்களும் தீட்டுகிற கத்தியை விட்டு, பாதியாக முறித்த பிளேட்டைச் செருகுகிற பிடிக்கு மாறிவிட்டன. பிடி கத்தியுடையது, கூர் ஜிலெற்றுடையது. சண்டை அங்கே ஏற்கனவே சமாதானமாகிவிட்டது!

படங்களைப் பற்றியும் ஒரு வசனம். 'சவரக்கத்தி' (2018) நல்ல படம்தான், ஆனால் அதில் கத்தி ஒரு வேடிக்கைப் பொருளாகவே நிறைய நேரம் நிற்கிறது. 'மண்டேலா' (2021) எங்களுக்குக் கூடப் பிடித்தது. பெயரே இல்லாமல் ஊருக்கு முடிவெட்டுகிறவர் கையில் ஒரு ஓட்டு வந்ததும் குடிமகன் என்ற சொல்லின் ரெண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று முட்டுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பாருங்கள்.

இப்ப அந்த மூன்று பெட்டிக்கு வருவோம். வாங்கின ஒருவனிடம், "மச்சான், சலூன் அண்ணனிட்டப் போய்க் கேளன், அவர் காட்டித் தருவார்" என்றோம். "அது அவங்கட தொழிலடா, அவங்களுக்குக் கையில ஊறினது. நமக்கு யூரியூப் காணும்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் எங்களை உறுத்தியது. வெள்ளைக்காரர் செய்தால் கற்றுக்கொண்ட கலை. எங்கட ஊர் மனிதர் செய்தால் பிறப்பிலேயே ஊறினது, அதனால் படிப்பிக்கவும் ஒன்றுமில்லை, மதிக்கவும் ஒன்றுமில்லை. ஒருவரின் உழைப்பை இதைவிட இலேசாகக் களவெடுக்க முடியாது.

நாங்கள் போய்க் கேட்டோம். கையில் ஊறவில்லையாம். ஊதின பலூனில் நுரை பூசி, அது வெடிக்காமல் வழிக்கப் பழக அவருக்கு மாதக்கணக்கு எடுத்ததாம். "எத்தனை பலூன் அண்ணன்?" என்றால் சிரிக்கிறார். தன் மகனுக்கு அவர் கத்தி பிடிக்கக் காட்டிக்கொடுக்கவில்லை, காட்டப்போவதும் இல்லை. "அவன் படிக்கட்டும். கத்தியத் தொட்டா அந்தப் பேரும் சேர்ந்து ஒட்டும்" என்றார். எங்களுக்குத் தயங்காமல் காட்டித் தந்தார். எங்களில் அந்தப் பெயர் ஒட்டாது என்று அவருக்குத் தெரியும்.

அழிந்துபோகிற பாரம்பரியக் கலை என்று இதுக்கு ஒப்பாரி வைக்க நாங்கள் வரவில்லை. மகனை விட்டுவிட அவருக்கு முழு உரிமை இருக்கிறது. பாரம்பரியத்தைக் காக்கிற பாரத்தை எப்பவும் அதனால் அவமானப்பட்டவர்களின் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது எங்கட சமூகத்துக்குப் பழகிப்போன கெட்டித்தனம். அந்த வித்தை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள், அதாவது பெட்டி வாங்கினவர்கள், போய்ப் பழகட்டும். ரியூசனுக்குக் கொடுக்கிற மாதிரிக் காசு கொடுத்துப் பழகட்டும். அவரை மாஸ்டர் என்று கூப்பிடட்டும். வீட்டுக்கு வந்தால் முன் வாசலால் கூட்டிப்போய், தாங்கள் குடிக்கிற கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கட்டும்.

இவ்வளவு கதைத்தும் அவரிடம் கேட்காமல் வர முடியவில்லை: அண்ணன் தன் முகத்துக்கு எதைப் பாவிக்கிறார்? கடையில் தொங்குகிற, எறிகிற பிளாஸ்ரிக் றேசராம். "வீட்டபோயும் கடை திறக்கவோ தம்பி?"

போக நினைக்கிறவர்களுக்கு: செவ்வாய், வெள்ளியில் எங்கட சனம் முடிவெட்டாது, கடையில் ஆள் குறைவு, சொல்லித்தர நேரமிருக்கும். பலூனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.