மண் தரையும் மாயக் கம்பளமும்

மாயாஜாலப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், படித்த நம்மவரிடையே ஒரு கருத்து மறுக்க முடியாத ஒன்றாக முன்வைக்கப்படுகிறது. அத்தகைய படங்களை இன்றைய நவீன அரங்குகளில்தான் பார்க்க வேண்டுமாம். பழைய கொட்டகைகளில் அவற்றைப் பார்த்தவர்கள், கயிற்றில் தொங்கிய கம்பளத்தைப் பறக்கும் கம்பளம் என்று நம்பிய அப்பாவிகளாம். இக்கூற்றில் பாதி, கருவிகளைப் பற்றியது, அது உண்மை. மறுபாதி, மனிதர்களைப் பற்றியது; அது ஏளனம். இந்த ஏளனத்தோடுதான் நமக்கு வழக்கு.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். பழைய அரங்குகளில் மூட்டைப்பூச்சி இருந்தது, பீடிப் புகை இருந்தது, வியர்வை இருந்தது. ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்த படச்சுருள் கடைசியாக நம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது, திரையில் ஓயாமல் மழை பெய்தது. கார்பன் குச்சிகளின் நுனியில் எரிந்த ஒளி மங்கினால், கதாநாயகியின் முகமும் மங்கியது. டூரிங் கொட்டகையில் பெரும்பாலும் ஒரே ஒரு படக்கருவிதான் இருக்கும். ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. மந்திரவாதி கையை ஓங்கிய நேரத்தில் விளக்கு எரியும், முறுக்கு விற்பவர் உள்ளே வருவார். இன்றைய டிஜிட்டல் ஒளியும் நாற்புறமும் சூழும் ஒலியும் இக்குறைகளை அறவே நீக்கிவிட்டன. இதை மறுப்பது வீண் பிடிவாதம்.

ஆனால் அன்று பார்த்தவர்கள் ஏமாந்தவர்களா? 1944இல் வெளிவந்த ‘ஜகதலப்பிரதாப’னில் ஐந்து பி. யு. சின்னப்பாக்கள் ஒரே மேடையில் அமர்ந்து கச்சேரி செய்தனர். சின்னப்பா ஒருவர்தான் என்பதை அறியாத ரசிகர் எவரும் அக்காலத்தில் இல்லை. அறிந்துகொண்டேதான் கைதட்டினர். 1951இல் ‘பாதாள பைரவி’யும் 1957இல் ‘மாயா பஜா’ரும் வந்தன. இரண்டையும் இயக்கியவர் கே. வி. ரெட்டி, ஒளிப்பதிவு செய்தவர் மார்கஸ் பார்ட்லி. கடோத்கசனாக வந்த எஸ். வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே பாய்ந்தபோது, தரையில் அமர்ந்திருந்த விவசாயத் தொழிலாளி சிரித்தார். லட்டு பறக்காது என்பது அவருக்குத் தெரியாது என்றா எண்ணுகிறோம்? தெரிந்தும் பறக்கட்டும் என்று இசைந்தார். அந்த இசைவுதான் மாயாஜாலப் படத்தின் உயிர். படம் எடுத்தவர் பாதி செய்தார். பார்த்தவர் மீதியைச் செய்தார்.

நம்மவருக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்று உண்டு. 1948இல் சிட்டாடல் நிறுவனம் வெளியிட்ட ‘ஞானசௌந்தரி’. கிறிஸ்தவப் பின்னணி கொண்ட அக்கதை அதற்கு முன்பே நாடக மேடைகளில் புகழ்பெற்றிருந்தது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் வெட்டுண்ட கைகள், தேவமாதாவின் அருளால் மீண்டும் கிடைக்கின்றன. அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இக்கதையைப் படமாக்கியது. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது சிட்டாடலின் படமே. அக்காட்சி வந்தபோது கொட்டகையிலேயே சிலுவை அடையாளம் வரைந்துகொண்ட மூதாட்டிகளைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதைச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. அவர்களுக்கு நம் மறுமொழி இதுதான்: புதுமைக்கும் மாயாஜாலத்துக்கும் உள்ள வேற்றுமையை அம்மூதாட்டிக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அவர் திரைச்சீலையை வணங்கவில்லை. திரை நினைவூட்டிய தாயை வணங்கினார். அருகில் அமர்ந்திருந்த இந்துப் பெண்ணும் இசுலாமியப் பெண்ணும் அவரோடு சேர்ந்து கண்ணீர் வடித்தனர். மறை வேறுபாட்டைப் பற்றி இன்று நாம் நடத்தும் கருத்தரங்குகளில் அத்தனை பேர் கூடுவதில்லை.

கூட்டம் என்பதுதான் இங்கே முதன்மையான சொல். 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கில் 2,563 இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே மிகப் பெரியது என்று ஊரார் பெருமை பேசிய அந்த அரங்கு இன்று இல்லை. அத்தனை பேர் ஒரே நொடியில் மூச்சை இழுத்துப் பிடிப்பதை எந்த ஒலிபெருக்கியும் உண்டாக்கிவிட முடியாது. கிராமத்துக் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்த சிறுவன், பின்னால் இருப்பவரின் வசவையும் சேர்த்தே படம் பார்த்தான். பயமும் சிரிப்பும் அக்கம்பக்கத்தில் பற்றிப் பரவின.

அந்தக் கூட்டத்தைப் பொற்காலமாகப் புனைந்துரைக்கவும் நாம் விரும்பவில்லை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரிவு இருந்தது. பெண்களுக்குத் தனித் தடுப்பு இருந்தது. ஊரின் சாதி வரிசை கொட்டகையின் வாசலோடு நின்றுவிடவுமில்லை. இருந்தும் ஓர் உண்மை நிலைத்திருந்தது: மிராசுதாரரும் அவர் வயலில் நாற்று நட்டவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே நேரத்தில், ஒரே குகைக்கதவு திறப்பதைப் பார்த்தனர். பழைய கொட்டகை ஏழையைக் கீழே உட்கார வைத்தது. புதிய அரங்கோ அவனை வெளியே நிறுத்துகிறது.

இது மிகைக் கூற்று என்பவர் கணக்குப் பார்க்கட்டும். 2017இல் தமிழ்நாட்டு அரசு மல்டிபிளெக்ஸ் அரங்குகளுக்கு விதித்த உச்சக் கட்டணம், வரி நீங்கலாக 150 ரூபாய். தாய், தந்தை, இரு பிள்ளைகள் சென்றால் 600 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் குறிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். அதாவது, வரியும் பேருந்துச் செலவும் தின்பண்டமும் சேர்க்காமலே, ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு ஒரு படத்துக்குப் போகிறது. முப்பரிமாணப் படமாயின் கண்ணாடிக்குத் தனிக் காசு கேட்கும் இடங்களும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஆணை, மல்டிபிளெக்ஸிலும் 10 ரூபாய்க்கு இருக்கை வைத்தது என்பது மெய்யே. அது திரைக்கு மிக அருகில், கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய முன் வரிசை. அதையும் முன்பதிவில் தேடிக் களைத்தவர்கள் சென்னையில் பலர்.

தொழில்நுட்பம் வளர்ந்தால் கட்டணமும் வளரத்தானே செய்யும் என்று கேட்கின்றனர். 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் மலையாளப் படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக வந்தது. அன்றிருந்த ஒற்றைத் திரை அரங்குகளிலேயே, எல்லா வகுப்பினரும் கண்ணாடி அணிந்து அதைக் கண்டுகளித்தனர். 2015இல் ‘பாகுபலி’யும் சிற்றூர் அரங்குகளை நிரப்பிற்று. ஆகவே ஏழையை வெளியேற்றியது விஞ்ஞானம் அன்று. பெரிய அரங்கை இடித்து, இருநூறு முந்நூறு இருக்கைகள் கொண்ட சிறு கூடங்களாக்கி, வணிக வளாகத்தின் மேல்தளத்தில், நகரும் படிக்கட்டுக்கு அப்பால் வைத்த நுகர்வுப் பண்பாடே அவனை வெளியேற்றியது. அந்தப் பளிங்குத் தரையில் செருப்போடு நடக்கவே கூசும் தாய்மார்கள் நம் பங்குகளில் இல்லையா?

கைப்பேசியில் எல்லாப் படமும் கிடைக்கிறதே என்று ஆறுதல் கூறுவோரும் உளர். கிடைக்கிறது, உள்ளங்கை அளவில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பறக்கும் கம்பளத்தைக் காதில் குழாய் செருகிக்கொண்டு பார்க்கும் சிறுவனுக்கு, அச்சத்தில் பற்றிக்கொள்ள ஒரு கை கிடைப்பதில்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. தென்னாட்டில் 1905இலேயே படக்கருவியோடு ஊர் ஊராகச் சென்றவர், திருச்சியில் இரயில்வே பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் காட்டிய படங்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பின்னர் அவரே கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவினார். கூடாரத்தில் மக்களைக் கூட்டியவர்களின் வரிசையில் முன் நிற்பவர் ஒரு கிறிஸ்தவப் பொதுநிலையினர் என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட ஆணையில், நல்ல படங்களைப் பாராட்டுவதோடு, கத்தோலிக்கரும் நேர்மையாளரும் நடத்தும் திரையரங்குகளை வளர்க்கவும் வேண்டும் என்று கூறியிருக்கிறது. நாமோ அந்த ஆணையிலிருந்து எச்சரிக்கைகளை மட்டும் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டோம். எந்தப் படத்தைப் பார்க்கலாகாது என்று அரை நூற்றாண்டு பேசினோம். யாரால் பார்க்க முடியாமற் போயிற்று என்று ஒரு நாளும் கேட்டோமில்லை.

நம் பள்ளிகளில் பெருங்கூடங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் படவீழ்த்தியும் ஒலிபெருக்கியும் வாங்கிவைக்கப்பட்டு, ஆண்டு விழாவுக்கு மட்டும் உறை நீக்கப்படுகின்றன. கோடை விடுமுறையில் அக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளரிடம் முறைப்படி இசைவு பெற்று, மாதம் ஒரு மாயாஜாலப் படத்தை, ஒரு தேநீரின் விலைக்கு, சாதி சமயம் பாராமல் ஊரார் அனைவருக்கும் திரையிட எது தடையாக இருக்கிறது? சுவர்கள் அழுக்காகும் என்று சொன்ன ஒரு நிர்வாகத்தை நாம் அறிவோம். அழுக்கானால் வெள்ளையடிக்கலாம். ‘மாயா பஜா’ரின் தெலுங்குப் பதிப்பை 2010இல் வண்ணமேற்றி வெளியிட்டார்கள், நமக்குக் கறுப்பு வெள்ளையே போதும். வருகிற மே மாதத்தில், நன்றாக இருட்டிய பின் தொடங்குவோம். முதியோருக்கு மட்டும் நாற்காலி. மற்றவருக்குப் பாய் விரிப்போம். பாய் போதாவிட்டால் முற்றத்திலேயே திரை கட்டி, இரண்டு வண்டி மணல் கொட்டுவோம்.