ஸ்டாண்டர்டு தாழ்ந்து போச்சு

திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது 'கர்ரக்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், ஸ்பீடு பிரேக்கர் மேல் ஒரு சிவப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஓப்பன் டாப், வயிற்றை வைத்துப் படுத்துக் கிடக்கிறது. முன் சக்கரம் இறங்கிவிட்டது, பின் சக்கரம் ஏறவில்லை. டீக்கடையிலிருந்து நாலு பேர் போய்த் தூக்கிவிட்டோம். ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். வெட்கப்படுவார் என்று பார்த்தால், "லோயர் பண்ணியிருக்கேன் சார், ரெண்டு இஞ்ச். லுக் எப்படி?" என்றார்.

லுக் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்னையே.

ஹெரால்டு தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு, 1961-லிருந்து பத்து வருஷம் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் நம் சென்னையில் தயாரானது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். அதாவது, திண்டிவனம் வழியாக விழுப்புரம் போகிற இதே ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல்தான் அதன் பிறந்த வீடு. தனி சேஸிஸ். அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கூரையும் அப்படித்தான். கழற்றினால் ஓப்பன் டாப்.

அதன் பின்பக்கத்தில் ஒரு விநோதம் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே ஸ்ப்ரிங் பட்டைக் கட்டு. ஆக்ஸில் நடுவிலிருந்து ரெக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலே சக்கரம் இரண்டும் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். நம் மெக்கானிக்குகளுக்கு இது பிடிக்கவே இல்லை. எழுபதுகளில் வந்த கெஸல் மாடலில் கம்பெனியே இந்த ரெக்கை ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு, ஒரே தண்டாகப் போட்டது.

இப்பேர்ப்பட்ட பட்டைக் கட்டிலிருந்து இரண்டு பட்டையை உருவிவிட்டார்களாம். முன்னால் காயில் ஸ்ப்ரிங்கை கட்டர் வைத்து ஒரு சுற்று அறுத்தாச்சு. என்ன ஆகும்? வண்டி காலியாக நிற்கும்போதே கால் அகட்டல் நிரந்தரம். டயர் உள்பக்கம் மட்டும் தேயும். ஆள் ஏறினால் ஸ்ப்ரிங் அமுங்க இடமில்லாமல் ரப்பர் ஸ்டாப்பரில் போய் முட்டும். அந்த அடி நேராக சேஸிஸுக்கும், கூரை இல்லாத பாடிக்கும், அதில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும். கேஸ் வைத்துச் சூடு பண்ணி ஸ்ப்ரிங்கை இறக்குகிறவர்கள் இன்னும் மோசம். டெம்பர் போன ஸ்ப்ரிங் வெறும் இரும்புக் கம்பி.

"ரேஸ் காரையெல்லாம் தாழ்த்துறாங்களே?" என்பீர்கள். தாழ்த்துகிறார்கள். எடை பார்த்து, குட்டையான ஆனால் பலமான ஸ்ப்ரிங் போட்டு, ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றி, சக்கரக் கோணம் சரிபார்த்துச் செய்கிறார்கள். ஓட்டுவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில். அங்கே ஸ்பீடு பிரேக்கர் கிடையாது.

அந்த ஸ்பீடு பிரேக்கரையும் சும்மா விடுவதாக இல்லை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்கள் அமைப்பு) சொல்லும் அளவு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் மெதுவான வளைவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு மேட்டில் ஹெரால்டின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே துருத்துவது 4 சென்டிமீட்டர்தான். தாழ்த்தின வண்டிகூட ஜம்மென்று போகும். மாட்டிக்கொண்டது என்றால், ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டிக் குவித்த மேடு என்று அர்த்தம். ஆக அன்றைக்குத் திண்டிவனத்தில் இரண்டு சட்டமீறல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஒன்றுக்குத்தான் அபராதம்.

அபராதம் என்றதும் ஞாபகம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தம்: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. தம்பியிடம் சொன்னேன். "எவன் சார் ஸ்கேல் வெச்சு அளக்கறான்?" என்றார். நியாயம்தான்.

அவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 2021-ல் மத்திய அரசு, 50 வருஷம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய வழி வைத்தது. முதல் நிபந்தனையே, பழைய உருவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது. ஹெரால்டுகள் எல்லாம் 50 தாண்டியாச்சு. தாத்தா பத்திரமாக வைத்திருந்ததைப் பேரன் இரண்டு இஞ்ச் லுக்குக்காகப் பணயம் வைக்கிறார்.

"அவன் காசு, அவன் கார், உனக்கென்ன?" என்று கேட்காதீர்கள். பக்கத்து சீட்டில் அவர் அம்மா உட்கார்ந்திருந்தார். ரோடு மறுபடி தெரிகிற வரைக்கும் முன்கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நம் ஜில்லா எப்படிப்பட்டது என்பதும் ஒன்று இருக்கிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அரசூரில் வெள்ளம் ஏறி திருச்சி நெடுஞ்சாலையே நின்றது. ஹெரால்டுக்குக் கம்பெனி கொடுத்தது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் இடைவெளி. அதில் 5 போனால் மீதி 12. கணுக்கால் தண்ணிக்கே கும்பிடு போட வேண்டியதுதான்.

"பழையபடி ஏத்திடு தம்பி" என்றேன். யோசித்தார். அம்மா பார்த்த பார்வையும் காரணமாக இருக்கலாம். விழுப்புரம் பைபாஸ் பக்கத்தில் ஒரு ஷெட்டில்தான் வேலை செய்தாராம். நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று பின்னாலேயே, நாற்பதில், போனேன்.

மெக்கானிக் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி ஸ்டூல் போட்டார். உருவின பட்டைகள் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா சார்? போன வாரம்தான் பழைய இரும்புக்காரன் வந்தான்."