பூட்ஸ் மேல் போட்ட பழி

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் போன வாரம் பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக வீட்டில் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். "1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆட இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. காலில் பூட்ஸ் இல்லாததால் போக முடியவில்லை" என்று கையை ஆட்டி முழங்கினான்.

"அது அப்படி இல்லப்பா" என்றேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்கள் எல்லாருமே இந்தப் பூட்ஸ் கதையை நம்பியவர்கள்தான். நடந்தது வேறு. தகுதிச் சுற்றில் நம்மோடு இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் ஆடாமலே நமக்கு இடம் கிடைத்தது. பிரயாணச் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்பதாகப் பிரேசில்காரர்கள் சொன்னார்கள். அப்படியும் நம் கால்பந்துச் சம்மேளனம் அணியை அனுப்பவில்லை. பயிற்சிக்கு நேரம் போதாது, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காலத்தில் நமக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்பே தெரியாது என்று அன்றைய ஆட்டக்காரர் சைலன் மன்னா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வெறுங்காலில் ஆடியது உண்மைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி 1-2 என்றுதான் தோற்றார்கள். நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாகாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். 1951-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம். மறு வருஷம் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று உதை வாங்கிய பிறகுதான் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நாலே வருஷத்தில், 1956 மெல்போர்னில், அதே பூட்ஸோடு ஆடி நாலாவது இடம் பிடித்தோம். வேண்டும் என்று முடிவு செய்ததும் பூட்ஸ் வந்துவிட்டது, பாருங்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தபோது எங்கள் வாத்தியார் வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு, சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றது ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். அந்த அணியின் கோல்கீப்பர்களில் ஒருவர் பீட்டர் தங்கராஜ், நம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஆடியவர். பயிற்சியாளர் ரஹீம் அடுத்த வருஷமே காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் நமக்குத் தங்கம் இல்லை. உலகக் கோப்பைக்கு இன்றுவரை போனதில்லை.

அதே 1960-இல்தான் செனகல் சுதந்திரம் பெற்றது. காரைக்காலைப் போலவே பிரெஞ்சுக் கொடி பறந்த இடம். ஜனத்தொகை தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கும் வெறுங்காலில் பந்து உதைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, நடப்புச் சாம்பியனான பிரான்சை 1-0 என்று வீழ்த்தினார்கள். டக்கார் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தி, பம்பாலி என்ற கிராமத்துப் பையன் சாடியோ மானேயை அங்கிருந்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். 2022-இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று கொடுத்த கடைசி பெனால்டி அவர் காலிலிருந்து வந்ததுதான்.

ஆகவே என் கட்சி இது. பூட்ஸ் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்த வேண்டும். "ஏழை நாடு, என்ன செய்வது" என்று அந்தக் கதை நமக்கு ஆறுதல் சொல்கிறது. முடிவெடுக்காதவர்களை அது தப்பிக்க விடுகிறது. எங்கள் ஊர்க் கண்மாய் வற்றினால் பட்டாசு ஆலை வேலை முடிந்து வரும் பையன்கள் இருட்டும் வரை பந்தாடுகிறார்கள், பாதிப் பேர் வெறுங்காலில். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, ஆடுவதற்குப் போட்டி கிடையாது. பூட்ஸ் அதற்கெல்லாம் பிறகு வரும் விஷயம்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதியவன் நான். கோப்பில் எழுதும் காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு என்பது எனக்குத் தெரியும். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. 1995-இல் என் மகன் மாவட்ட அணித் தேர்வுக்குப் போகவேண்டும் என்று கேட்டான். "பூட்ஸ் வாங்கக் காசில்லடா" என்றேன். பொங்கல் போனஸ் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. பந்தின் பின்னால் ஓடினால் படிப்பு கெட்டுவிடும் என்ற பயம்தான் நிஜக் காரணம். அதைச் சொல்லியிருந்தால் அவன் என்னோடு சண்டை போட்டிருப்பான். காசில்லை என்றதும் பேசாமல் போய்விட்டான்.

போனஸ் வந்தது அவனுக்கு அப்போதே தெரியுமாம். அன்று பேரன் தூங்கிய பிறகு சொன்னான். முப்பது வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கப்பா" என்றான்.

பேரன் பேச்சை மாற்றி எழுதிவிட்டான். வெள்ளிக்கிழமை போட்டி.