காருக்குத் தொண்டை அடைப்பு!

வால்வை மூடுவது வைத்தியம் ஆகுமா?

டீசல் கார் ஒன்று ஏற்றத்தில் திணறுகிறது. எவ்வளவு மிதித்தாலும் "பிக்கப்" இல்லை. பின்னால் கரும்புகை கக்குகிறது. நிறுத்தி வைத்தால் என்ஜின் குலுங்குகிறது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் டீசல் கார் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இது பழகிப்போன தொல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "ஈ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொண்டது" என்ற பதில் கிடைக்கும். சில இடங்களில் கூடவே ஒரு யோசனையும் கிடைக்கும்.

"அந்த வால்வு இருந்தால்தானே தொல்லை, அண்ணாச்சி? ஒரு தகட்டை வெட்டி வைத்து வழியை அடைத்துவிடுவோம். அப்புறம் பாருங்கள், வண்டி பறக்கும்!"

செலவு குறைவு. வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். கார்க்காரரும் சரி என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

இது வைத்தியம் அல்ல. வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுகிற வேலை!

எதற்காக இந்த வால்வு?

டீசல் என்ஜினை உலகுக்குத் தந்தவர் ஜெர்மனியின் ருடால்ப் டீசல். 1897-ம் ஆண்டில் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது.

அதில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகவும் இறுக்கி அழுத்துகிறார்கள். காற்று சூடேறுகிறது. அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது.

வந்தது இங்கேதான் வினை! காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் என்ஜினுக்குள் எரியும் கடுஞ்சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு என்று அதற்குப் பெயர். நுரையீரலை அரிக்கும். ஆஸ்துமாக்காரர்களை வாட்டும்.

சூட்டைத் தணித்தால் இந்த நஞ்சு குறையும். எப்படித் தணிப்பது?

கொதிக்கும் உலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்குகிறது அல்லவா? அதே தந்திரம்தான். சைலன்சர் வழியாக வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, என்ஜினுக்குள்ளேயே விடுகிறார்கள். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அது புதுக் காற்றோடு கலந்தால் தீயின் சூடு தணிகிறது.

அந்தப் புகையை வேண்டும்போது விட்டு, வேண்டாதபோது நிறுத்தும் கதவுதான் ஈ.ஜி.ஆர். வால்வு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இது வந்தது. இன்று எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று காரில் உள்ள கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

ஏன் அடைக்கிறது?

அடுப்படிச் சுவரில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? தார் போல ஒட்டிக்கொள்ளும். காரிலும் அதே கதைதான். புகையில் கரி இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் ஆவியில் எண்ணெய் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வால்விலும் குழாயிலும் படிகின்றன.

வடசேரியிலும் கோட்டாறிலும் நெரிசலில் ஊர்ந்து போகும் கார்களைப் பாருங்கள். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போகும் கார்களும் அப்படித்தான். வீட்டிலிருந்து சந்தைக்கு இரண்டு மைல். சந்தையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மைல். என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். இப்படி ஓடும் காரில் கரி சீக்கிரம் சேரும்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், வேண்டாத நேரத்திலும் புகை உள்ளே போகும். என்ஜினுக்கு மூச்சு முட்டும். இழுவை குறையும். கரும்புகை வரும். நின்ற இடத்தில் குலுங்கும்.

மூடிய நிலையில் சிக்கினால் கார் நன்றாகவே ஓடுவது போலத் தோன்றும். மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். நஞ்சு அதிகமாவது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் கரும்புகை வந்தாலே வால்வுதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. ஏர் பில்டர் அடைத்திருந்தாலும் கரும்புகை வரும். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாய் கிழிந்திருந்தாலும் வரும். இன்ஜெக்டர் கெட்டிருந்தாலும் வரும்.

ஆகவே செலவு குறைந்த சோதனையை முதலில் செய்ய வேண்டும். பில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஸ்கேனர் வைக்க வேண்டும்.

ஸ்கேனரில் பி-0401 என்று வந்தால், திரும்பும் புகை போதவில்லை என்று அர்த்தம். பி-0402 என்று வந்தால், புகை மிஞ்சுகிறது என்று அர்த்தம். "வால்வை மாற்று" என்று எந்த எண்ணும் சொல்வதில்லை! குழாயில் கரி அடைத்திருந்தாலும், சென்சார் கெட்டிருந்தாலும் இதே எண் வரலாம். பல கார்களில் ஸ்கேனர் மூலமாகவே வால்வைத் திறந்து மூடிப் பார்க்கலாம். அது அசைகிறதா என்று பார்க்காமல் புது வால்வுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது ஏமாளித்தனம்.

கழுவினால் போதும்!

பல நேரங்களில் வால்வு கெட்டிருக்காது. அழுக்குத்தான் ஏறியிருக்கும். கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும்.

என்ஜின் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கரியைக் கரைக்கும் ஸ்பிரே அடித்து, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பியால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடம் கீறிவிடும். மின்சார மோட்டார் உள்ள பக்கத்தை நனைக்கக்கூடாது. அந்த ஸ்பிரே தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கரித்தூளை மூக்கில் ஏற்றாமல் முகமூடி அணிவது நல்லது.

திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போட வேண்டும். பழையது புகையைக் கசியவிடும். சில கார்களில் ஸ்கேனர் வைத்து, வால்வின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கவும் வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. வெளியே ஒழுகல் இல்லை என்றால், புகையைக் குளிரவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் ஓட்டையாகியிருக்கலாம். இது விளையாட்டல்ல. தென்கொரியாவில் 2018-ல் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல தீப்பிடித்ததற்கு இந்தக் கூலர் கசிவே காரணம் என்று அந்த நிறுவனம் கூறியது. உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன!

அடைத்தால் என்ன தப்பு?

"அடைத்த பிறகு என் கார் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஓடலாம். கரும்புகைகூடக் குறையலாம். உள்ளே கரி சேர்வதும் குறையும். அதுதான் மக்களை மயக்குகிறது! கண்ணுக்குத் தெரியும் கரி குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு பெருகுகிறது. லாபம் கார்க்காரருக்கு. நஷ்டம் வடசேரி பஸ் நிலையத்தில் குழந்தையோடு நிற்கும் தாய்க்கு. சாலையோரத்தில் நாள் முழுவதும் பூக்கட்டும் பெண்ணுக்கு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது.

சட்டமும் இதை ஏற்காது. காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பெரிய கம்பெனி செய்தால் உலகமே கொதிக்கிறது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகைக் கட்டுப்பாட்டை ஒழுங்காக வேலை செய்யவைத்து, சாலையில் தளர்த்திவிடும் தந்திரத்தைக் கார்களில் புகுத்தியதாக வோக்ஸ்வாகன் கம்பெனி 2015-ல் அமெரிக்காவில் பிடிபட்டது. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரால் செய்ததை இங்கே ஒரு தகட்டால் செய்கிறார்கள். வேறு என்ன வித்தியாசம்?

அரசு கவனிக்குமா?

ஒரு பெரிய ஓட்டையை அரசுதான் அடைக்க வேண்டும். மாசுச் சான்றிதழ் கொடுக்கும் இடங்களில் டீசல் காரின் புகை எவ்வளவு கறுப்பு என்றுதான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. எனவே வால்வை அடைத்த கார் அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறிவிடும்! சான்றிதழ் சுத்தம்; காற்று அசுத்தம். அந்த வாயுவையும் அளக்க வழி செய்தால்தான் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

அதுவரை பொறுப்பு குடும்பங்களின் கையில் இருக்கிறது. பில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். கார் கம்பெனி சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். பக்கத்துத் தெருவுக்குக் காரை எடுக்காமல் நடந்து போங்கள். வாரம் ஒரு முறையாவது, ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலை போன்ற நல்ல சாலையில், என்ஜின் சூடேற அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். ஏறிய கரி அதனால் போய்விடாது. புதிதாகச் சேர்வது குறையும்.

மெக்கானிக் தகட்டை எடுத்தால், "வேண்டாம் தம்பி, கழற்றிக் கழுவிக் கொடு" என்று சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும். கொடுத்துவிடுங்கள்.

கார் ஒரு வீட்டுக்குச் சொந்தம். காற்று ஊருக்கே சொந்தம்!