வேற்றுலக உயிரும் நம் அவசரமும்

"வேற்றுலகில் உயிர்!" என்று 2025 ஏப்ரலில் ஏடுகள் கொட்டை எழுத்தில் முழங்கின. ஏறத்தாழ 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோளின் (பெயரைப் பார்த்தால் வீட்டுமனை எண் போலிருக்கிறது!) காற்றில் டைமெதில் சல்பைடு வாயுவின் சாயல் தெரிவதாகக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கு மதுசூதன் குழுவினர் அறிவித்திருந்தனர். நம் கடல்களில் நுண்பாசிகளால் உண்டாகும் வாயு அது. ஆனால், தற்செயலாகவும் அப்படித் தோன்ற 1000-க்கு 3 வாய்ப்பு உண்டு, மேலும் ஆய்வு தேவை என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அந்த வரியை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

வேற்றுலகில் உயிர் இராது என்பதன்று என் வாதம். 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டனர். இன்று உறுதியான வெளிக்கோள்கள் 6000-க்கும் மேல். அத்தனையும் வெறும் பாலை என்று யார் சொல்ல முடியும்? நம்புவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கிறோமா என்பதே என் கவலை.

இத்தேடலின் பழைய ஏடொன்று நம் சென்னைக்கு உரியது. 1855-இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீன்களின் பாதையில் சிறு பிறழ்ச்சி கண்டு, புலப்படாத கோளொன்று அங்கிருக்கக்கூடும் என எழுதினார். பின்னர் வேறு சிலரும் அதை வழிமொழிந்தனர். 1899-இல் மோல்டன் என்ற அமெரிக்கர், அவ்வாறு கூறப்பட்ட மூன்றாம் பொருள் அங்கே நிலைத்துச் சுற்றவே இயலாது எனக் கணக்கிட்டுக் காட்டினார்.

அதைவிட என்னைக் கவர்ந்தவர் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ லைன். துடிப்பு விண்மீன் ஒன்றுக்குக் கோள் உண்டென்று 1991-இல் அவர் குழு அறிவித்தது, உலகமே பேசியது. 1992 ஜனவரியில் அமெரிக்க வானியலார் பேரவையில் எழுந்து, பூமியின் இயக்கத்தைச் சரிவரக் கழிக்காததால் நேர்ந்த பிழை அது என்றார். அவையினர் நெடுநேரம் கைதட்டினர். அதே கூட்டத்தில் வோல்சான் வேறொரு துடிப்பு விண்மீனின் கோள்களைப் பற்றிப் பேசினார். அவை இன்றும் நிலைத்து நிற்கின்றன.

கே2-18பி கதைக்கு வருவோம். அதே அளவீடுகளை மறுபடி கணக்கிட்ட வேறு குழுவினர், அந்த வாயு இருப்பதற்கு வலுவான சான்றில்லை என்றனர். போதாக்குறைக்கு, 67பி என்னும் வால்மீனிலும் டைமெதில் சல்பைடு இருப்பது 2024-இலேயே தெரிந்துவிட்டது. வால்மீனில் பாசி ஏது? இச்செய்திகளுக்குக் கொட்டை எழுத்து கிடைக்கவில்லை.