காற்றோடு பிணங்க வேண்டாம்

யாங்கோன் நகருள் மோட்டார் சைக்கிளுக்கு 2003ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் பகோ ஆற்றுக்கு அப்பால், தன்லியினில், உழைப்பாளர் பலருக்கு அதுவே கால். வெட்டவெளியில் வீசும் பருவக்காற்றை நாம் எளிதாக எண்ணலாகாது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். பேருந்தைக் கடக்கையில் காற்று ஒருகணம் மறையும். மறுகணம் பக்கவாட்டில் அடிக்கும். அவ்வேளை கைப்பிடியை இறுக்குவது தவறு. வேகத்தைக் குறைத்து, முழங்கால்களால் எண்ணெய்த் தாங்கியை அணைத்து, கைகளைச் சற்றே தளர்த்த வேண்டும். பின்னே கட்டும் அகன்ற சுமை பாய்போல் காற்றை வாங்கும்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் பெருமரங்களையும் வேரோடு சாய்த்ததை நாம் மறந்திலோம். ஆகவே காற்று மிகுந்தால் மரத்தடியை விடுத்து, கட்டடத்தின் ஓரம் ஒதுங்குவோம். ஒருநாட் கூலி போகலாம். காத்திருப்போரிடம் நாம் போய்ச் சேர வேண்டும்.