கோலை மட்டும் எண்ணும் கண்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் திடலுக்கு வரும் தேர்வாளர் கேட்கும் முதல் வினா, "இவன் எத்தனை கோல் அடித்தான்?" என்பதே. தற்காப்பு ஆட்டக்காரன் அதற்கு என்ன விடை சொல்வான்? எதிரணி அடிக்க முடியாமற்போன கோல்களை எந்த ஏட்டில் எழுதுவது?

கோலே தகுதியின் அளவுகோல் எனில், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமை தாங்கிய தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரனை எங்ஙனம் மதிப்பது? 1980இல் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணிக்குச் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் கோல் காவலர் ஆறுமுகமும் அரணாக நின்றனர் அன்றோ!

அமெரிக்கக் காற்பந்தில் பந்தைத் தொடாமலே தோழரைக் காக்கும் முன்வரிசை வீரன் உண்டு. கல்லூரி ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவனது காலடியையும் கைவலிமையையும் ஆராய்ந்தே தொழில்முறை அணிகள் அவனைத் தேர்கின்றன.

தோட்டச் சிறுவனுக்கும் அந்த நீதி வேண்டும். பந்து வருமுன் இடம் பிடிக்கிறானா? திரும்புகையில் தடுமாறுகிறானா? குரல் கொடுத்துத் தோழரை நெறிப்படுத்துகிறானா? தன் பிழையால் கோல் விழுந்த பின்னும் துணிவோடு ஆடுகிறானா? மழையில் நனைந்த திடலில் ஓர் ஆட்டத்தை மட்டும் கண்டு இவற்றை அறிய இயலுமா? "உயரம் போதாது" என்பர் சிலர். பதினைந்து வயதின் உயரம் பதினெட்டிலும் அப்படியே நிற்குமா?

ஆசிரியர்களே! அவன் தடுத்த பந்துகளையும் ஆட்டந்தோறும் குறித்து வையுங்கள். தேர்வாளர் வரும் நாளில் அவன் நாவடங்கி நின்றாலும், அந்த ஏடு பேசட்டும்.